இந்த எண் எங்கிருந்து வந்தது?



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் எங்கள் கல்லூரிக்கு வரும் பெற்றோர் இப்போதெல்லாம் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "தரவு அறிவியல் படித்தால் உடனே வேலை கிடைக்குமாமே, உண்மைதானா சார்?"

தரவு என்பது வேறொன்றுமில்லை. அளந்தோ, எண்ணியோ, கேட்டோ குறித்துவைத்த விவரம்தான். வங்கியின் வரவு செலவு, மருத்துவமனையில் குறித்த ரத்த அழுத்தம், வீட்டு மின்மீட்டர் காட்டும் யூனிட் எல்லாம் தரவுகளே. இவற்றைக் கணிப்பொறியில் இட்டு, புள்ளியியலின் துணையோடு பயனுள்ள முடிவைக் காண்பது தரவு அறிவியல். இதில் வேலை இருக்கிறது. ஆனால் முதல் வேலைதான் கடினம். அனுபவம் வேண்டும் என்கின்றன நிறுவனங்கள். வேலையே கிடைக்காதவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்?

இந்த இடைவெளியில்தான் சில பயிற்சி நிலையங்கள் கடை விரிக்கின்றன. ஆறே மாதம், சான்றிதழ் கையில், வேலை உறுதி! என் மாணவர் ஒருவரின் தாயார் இதற்காக நகையை அடகு வைத்தார். மாணவருக்குச் சான்றிதழ் வந்தது. அதே சான்றிதழ் அவரோடு படித்த அனைவருக்கும் வந்தது. எல்லோரிடமும் இருக்கும் ஒன்றைக் காட்டி, என்னைத் தேர்ந்தெடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

சான்றிதழ் மட்டுமா, செய்து காட்டும் செயல்திட்டமும் பெரும்பாலும் ஒன்றேதான். ஐரிஸ் என்னும் பூவைப் பற்றிய அட்டவணை ஒன்று உண்டு. மூன்று இனங்கள், இனத்துக்கு 50 பூக்கள், பூவுக்கு நான்கு அளவுகள். ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் 1936-ல் வெளியிட்டது. அளவுகளைக் கொடுத்தால் இனத்தைச் சொல்லும் நிரலை, தரவு அறிவியல் பயிலும் ஏறக்குறைய அனைவரும் எழுதிப் பார்க்கிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அந்தப் பூக்களை அளந்தவர் யார் என்று என் மாணவர்களிடம் கேட்டால் விழிக்கிறார்கள். அளந்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலார். மூன்று இனங்களில் இரண்டை அவர் கனடாவில் ஒரே புல்வெளியில், ஒரே நாளில் பறித்து, ஒரே கருவியால் அளந்தார். மூன்றாவது இனம் வேறிடத்திலிருந்து வந்தது. அப்படியானால் மூன்றாவது இனத்தில் தெரியும் வேறுபாடு முழுவதும் இனத்தால் வந்ததா, ஓரளவு மண்ணாலும் வந்ததா? இதைக் கேட்கத் தெரிந்தவரையே நான் வேலைக்கு எடுப்பேன். நிரல் எழுதுவதைப் பிறகு கற்றுக்கொடுத்துவிடலாம்.

வேலை தேடிப் போய் இத்துறைக்கு வந்து சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சி. ஆர். ராவ் 1920-ல் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். ராணுவத்தில் ஒரு வேலைக்காக நேர்முகத் தேர்வுக்குக் கல்கத்தா சென்றார், வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்நகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருப்பதை அறிந்து, 1941-ல் அங்கே பயிற்சியில் சேர்ந்தார். அதை நிறுவிய மகலனோபிஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். (எங்கள் இனம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சற்றுப் பெருமையே!) 1946-ல் ராவ் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். எதற்காகத் தெரியுமா? சூடான் நாட்டில் ஜெபல் மோயா என்னுமிடத்தில் தோண்டியெடுத்த பழங்கால மனிதரின் எலும்பு அளவுகளை ஆராய்வதற்காக! உடைந்தவை, சிதைந்தவை, ஒரு பகுதி மட்டும் கிடைத்தவை என்று அவற்றில் பலவகை. அந்தக் கணக்குகளோடு உழன்றவர்தான் 2023-ல், தம் 102-ஆம் வயதில், புள்ளியியலின் பன்னாட்டுப் பரிசைப் பெற்றார்; அவ்வாண்டே மறைந்தார்.

இனி நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள் அல்லது செய்யப்போகிறீர்கள். விடை 980-ஐ ஒட்டி வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே விடையை முன்னே வைத்துக்கொண்டு, அலைவு நேரங்களைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதுபவர் பலர். பதிவேடு அழகாக இருக்கும், மதிப்பெண்ணும் வரும். தரவு வேலைக்கு இதைவிடக் கேடான பழக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 1020 வந்தால் 1020 என்றே எழுதுங்கள். நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளந்தோமா, 19 அலைவுகளை 20-ஆக எண்ணிவிட்டோமா என்று தேடுங்கள். அப்படித் தேடும் நேரம்தான் அனுபவம். அதற்கு எந்த நிறுவனமும் உங்களை வேலைக்கு எடுத்திருக்க வேண்டியதில்லை.

எண்ணின் பிறப்பிடம் தெரியாவிட்டால் என்ன ஆகும்? சென்னை வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் 2-ஆம் தேதிக் கணக்கில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகியிருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பெய்தது டிசம்பர் 1 அன்று. இந்திய வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழையை அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுகிறது. இதை அறியாமல் ஏரியின் நீர்வரத்தோடு ஒப்பிடுபவருக்கு, மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததுபோல் தோன்றும்! நிரலில் பிழை இராது. கணிப்பொறியும் குறை சொல்லாது. நிரலை இன்று செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. ஆனால் உங்கள் பள்ளி மழைமானிக்கு மேல் முருங்கைக் கிளை நீண்டிருப்பது அதற்குத் தெரியாது.

பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். புள்ளியியல் அவற்றைவிட வேண்டும். இவற்றைக் கற்க நகை அடகுக்குப் போகவேண்டியதில்லை. இலவசப் பாடங்கள் இணையத்தில் ஏராளம். முதல் வேலையின் பெயர் தரவு அறிவியலாளர் என்றுதான் இருக்கவேண்டும் என்றும் பிடிவாதம் வேண்டாம். மருத்துவமனையின் பதிவேடுகளைச் சரிபார்ப்பது, காப்பீட்டு நிறுவனத்தின் அட்டவணைகளை ஒழுங்குசெய்வது என்று அது சாதாரணமாகவே தொடங்கலாம்.

ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறீர்களா? கல்லூரி முடிக்க இன்னும் ஆறேழு ஆண்டுகள் இருக்கின்றன. பக்கங்கள் நேராக உள்ள, அடி தட்டையான ஒரு பாத்திரத்தை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளவுகோலை நிறுத்தி நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துவிட்டு, நீரைக் கொட்டிவிடுங்கள். பாத்திரத்தை இடம் மாற்றினால் தேதியோடு எழுதுங்கள். ஊருக்குப் போய்விட்ட நாளில் சுழி போடாதீர்கள். மழை பெய்யவில்லை என்பது வேறு, நீங்கள் அளக்கவில்லை என்பது வேறு. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போதும்.