மனசு திடமாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு

“எல்லாம் மனசுலதான் இருக்கு. மனசு திடமா இருந்தா குப்பைமேட்டுலகூட நிம்மதியா இருக்கலாம்.” கல்யாண வீட்டுப் பேச்சிலிருந்து தன்னம்பிக்கைக் கூட்டங்களின் மேடை வரை இதைக் கேட்கிறோம். ஆறுதல் போல ஒலிக்கும் இந்தப் பேச்சு, தூக்கம் வராமல் புரள்கிறவனையே குற்றவாளியாக்குகிறது. அவன் குடியிருக்கும் இடத்தை யாரும் விசாரிப்பதில்லை.

இதை நம்புகிறவர்கள் காற்றுக் காலத்தில் ஒருமுறை பாலகாட்டுக்கு வரட்டும். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் வடக்குப் பகுதியான இங்கிருந்து தெற்கே மாரிக்குப்பம் வரை சயனைடு மேடுகள் நிற்கின்றன. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய கழிவு அது. மொத்தம் 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கும் மேல். காற்று எழுந்தால் அந்த மாவு ஜன்னல் வழியாகச் சோற்றுப் பானைக்கும் குழந்தையின் பாய்க்கும் வந்துவிடும். வெயில் நாளிலும் கதவைச் சாத்திக்கொண்டு, கொடியில் துணி காயப்போட யோசித்து, இருமலுக்குப் பயந்து வாழ்கிற தாயிடம் ‘நேர்மறையாகச் சிந்தியுங்கள்’ என்று சொல்வது கொடுமை.

சுரங்கம் ஓடிய காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தலித் உழைப்பாளிகள் பாறை வெடிப்பில் செத்தார்கள். சிலிக்கா தூசியில் நுரையீரலை இழந்தார்கள். ஆனாலும் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. கால்பந்தும் நாடகமும் சங்கக் கூட்டமும் இருந்தன. பொழுதுக்கு ஒரு ஒழுங்கும், மனிதனுக்கு ஒரு மரியாதையும் இருந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கத்தை நடத்திய அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது சம்பளத்தோடு இவையும் போயின. சுரங்கக் கம்பெனியின் லைன் வீட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு அந்த வீடே சொந்தமா என்ற கவலை வந்தது. விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இருட்டியபின் திரும்புவது வாழ்க்கையாயிற்று. போக வர நாலைந்து மணி நேரம் ரயிலிலேயே கழிகிறவர், பிள்ளையின் முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையில்தான். காலனிகளில் கையால் மலம் அள்ளும் கொடுமை நீடிப்பதை 2011இல் மனித உரிமை அமைப்புகள் வெளிக்கொண்டு வந்தன. இத்தனையையும் ஒரு மனத்தின் பலவீனம் என்றா கணக்கெழுதுவது?

‘வேலை போனால் என்ன, நேரம் கிடைத்ததே, உருப்படியாக எதையாவது செய்திருக்கலாமே’ என்பார்கள். இதற்குப் பதில் 1930களிலேயே கிடைத்துவிட்டது. வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற ஊரில் நெசவாலை மூடியபின், சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் அவர் தோழர்களும் அந்த ஊரை ஆராய்ந்தார்கள். கையில் நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்களின் நடைகூடத் தளர்ந்து, தெருவில் அடிக்கடி நின்று நின்று போனார்கள். ஊரே சோம்பேறியாகப் பிறந்திருக்க முடியாது. ஊரின் உயிர்நாடியைப் பிடுங்கியதால் மனம் சுருங்கியது.

இடத்தைத் திருத்தினால் மனம் தேறும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை ஆய்வுக்கு எடுத்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அகற்றி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, சிறு வேலி போட்டார்கள். இன்னொரு பகுதியில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மீதியில் ஒன்றும் செய்யவில்லை. 2018இல் வெளியான முடிவு: பசுமையாக்கிய மனைகளின் அருகே வசித்தவர்களிடம், ஒன்றும் செய்யாத இடங்களோடு ஒப்பிட, மனச்சோர்வு உணர்வு சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. ஏழைகள் வாழும் பகுதிகளில் அது இன்னும் அதிகமாகக் குறைந்தது. அவர்களுக்கு யாரும் தியானம் கற்றுத்தரவில்லை. தெரு மாறியது, அவ்வளவுதான்.

இதே தங்கவயலிலிருந்து படித்து முன்னேறியவர்கள் இல்லையா என்று கேட்கலாம். ஏராளமாக உண்டு, அவர்களை வணங்குகிறேன். வெள்ளத்தில் சிலர் நீந்திக் கரையேறினார்கள் என்பதால் கரையை உடைத்தவன் நிரபராதி ஆகிவிடமாட்டான். மன உறுதி வேண்டாம் என்றும், சிகிச்சை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்தால் தமிழிலும் பேசலாம், தயங்காமல் பேசுங்கள். ஆனால் பேசி முடித்தவர் திரும்பிப் போவது அதே தூசிக்குத்தான்.

நாமே செய்யக்கூடியவை உண்டு: வீட்டு வாசலில் வேம்பு, லைனுக்கு ஒரு படிப்பகம், மாலையில் பெண்களும் வந்து உட்காரக்கூடிய ஒரு விளையாட்டுத் திடல். மற்றவை அரசு செய்ய வேண்டியவை. வெட்டிவேர் நட்டுச் சுரங்கக் கழிவு மேடுகளைப் பிடித்து நிறுத்தும் முறை ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உண்டு. நம் வேர் நம் மேட்டில் ஏன் இல்லை? வீடுகளுக்குப் பட்டா, ஒழுங்கான கழிப்பறை, உள்ளூரில் வேலை, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஆகிய நான்கையும் மனநலத் திட்டம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த 13 மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேட்டைக் கலைக்கும் இயந்திரம் வருமுன், தூசியை எப்படிக் கட்டுவீர்கள் என்ற திட்டத்தை எழுத்தில் வைத்து, பாலகாட்டு மக்களிடம் தமிழிலும் கன்னடத்திலும் படித்துக்காட்டுங்கள். அவர்கள் சம்மதித்தபின் தோண்டுங்கள்.