நம் கடையும் 107-ஆவது பிரிவும்

பத்து காவானில் நம்மவர் தோட்டப் பாட்டாளிகளாக வியர்வை சிந்திய நிலம் இன்று யாருக்கு வாழ்வளிக்கிறது? 2014-இல் இரண்டாவது பாலம், 2016-இல் டிசைன் வில்லேஜ், 2019-இல் ஐகியா!

பக்கத்துச் சிம்பாங் அம்பாட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு என்ன கிடைத்தது? 1976 ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு! காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் அவருடைய லைசென்சை ரத்து செய்யலாம். நட்ட ஈடும் கிடையாது. பெரிய கடைக்கும் இதே சட்டம்தானே என்பார்கள். ஐகியாவின் லைசென்சில் கை வைக்க எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்? மன்ற உறுப்பினர்களைத் தட்டிக் கேட்கலாமென்றால் அவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் அல்லர், நியமனம்! ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதோடு சரி.

தோட்டத்துக் கடைக்காரர் விலையில் ஐந்து காசு கூட வைத்தார், உண்மை. ஆனால் சம்பளம் வரும்வரை கடன் புத்தகத்தில் எழுதி அரிசி கொடுத்தவரும் அவர்தான். பேரங்காடி கடன் எழுதுமா? அரிசி, பருப்பையாவது நம் ஊர்க் கடையில் வாங்குங்கள்.

கடைக்காரர்களே, ரத்துக் கடிதம் வந்தால் வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட மூன்றே மாத அவகாசம்தான்.