அடுத்த வீட்டு வேதம்

ரம்ஜான் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மாலை நேரத்தைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் தேவையில்லை. அடுத்த வீட்டு ராவுத்தர் அவர்கள் தம் பேரனிடம் ஒரு தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்தனுப்புவார். உள்ளே சுடச் சுட நோன்புக் கஞ்சி இருக்கும். பச்சரிசியும் பாசிப் பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சி, கறி சேர்க்காமல் எங்களுக்கென்று தனியாகக் காய்ச்சியது. முப்பது வருஷத்தில் ஒரு வருஷங்கூட இந்த வழக்கம் தவறியதில்லை. நாங்களும் கஞ்சியைக் குடித்துவிட்டு, பாத்திரத்தைக் காலியாகத் திருப்புவது மரியாதையல்லவென்று அதில் கொஞ்சம் கற்கண்டோ பழமோ வைத்து அனுப்பி வருகிறோம்.

சென்ற ரம்ஜானில் ஒரு நாள், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என் ஒன்பது வயதுப் பேத்தி திடீரென்று, "தாத்தா! ராவுத்தர் தாத்தாவின் சாமிக்கும் நம் சாமிக்கும் சண்டையா?" என்று கேட்டாள்.

"யாரம்மா அப்படிச் சொன்னது?"

"பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் சொன்னாள்."

"சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை" என்றேன்.

"அப்படியானால் அந்தச் சாமி யார்? என்ன சொல்லியிருக்கிறார்?"

நேயர்களே! பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி அரை மணி நேரம் பேசு என்றால் பேசக் கூடியவன் நான். ருஷ்ய நாவல்களில் வரும் பெயர்களைக்கூடத் தடுமாறாமல் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு சுவருக்கு அப்பால் தினம் ஐந்து வேளை நடக்கும் வழிபாட்டைப் பற்றிக் குழந்தைக்கு நாலு வாக்கியம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாம் தெரிந்துகொள்ளாமல் விட்ட இடத்தில் யார் யாரோ எதை எதையோ வந்து நிரப்பிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் வார்த்தை அப்படித்தான் என் பேத்தியின் காதில் ஏறியது. அந்தப் பெண்ணின் மீது எனக்குக் கோபமில்லை. முப்பது வருஷம் கஞ்சி குடித்தவன் மீதுதான் கோபம்.

மறு நாளே புஸ்தகக் கடைக்குச் சென்று குர்ஆன் மொழிபெயர்ப்பு ஒன்று வாங்கி வந்தேன். எல்லாப் புஸ்தகத்தையும் படிப்பதுபோல் முதல் பக்கத்தில் ஆரம்பித்தேன். முதல் அத்தியாயம் ஏழே வசனங்கள், அழகான பிரார்த்தனை. இரண்டாவது அத்தியாயமோ 286 வசனங்கள். அதில் பழைய தீர்க்கதரிசிகளின் சரித்திரம் வருகிறது. நோன்பு, விவாகரத்து, கடன் பத்திரம் ஆகியவற்றின் விதிகள் வருகின்றன. யாரோ கேட்ட கேள்விக்கு விடை வருகிறது, கேட்டவர் யாரென்று தெரியவில்லை. இருபது பக்கத்தில் களைத்துப் போய்ப் புஸ்தகத்தை மூடினேன்.

தோல்வியை ராவுத்தரிடமே ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஐயா! வீட்டைப் பார்க்க வந்தவர் வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டு உள்ளே வர வேண்டும். நீங்கள் நேராக மச்சுப் படி ஏறிவிட்டீர்களே!" என்றார். அன்று அவர் சொன்ன முறையில் ஓராண்டு படித்தேன். என்னைப்போல் மச்சுப் படியில் மூச்சு வாங்கி நிற்கும் நேயர்களுக்காக அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

*

வாசலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சொற்பமே. இஸ்லாம் என்ற அரபுச் சொல்லுக்கு இறைவனுக்குத் தன்னை ஒப்படைத்தல் என்று பொருள். அல்லாஹ் என்பது ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் சொந்தமான தெய்வத்தின் பெயரன்று. அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்களும் கடவுளை அந்தச் சொல்லாலேயே அழைக்கிறார்கள். இறைவன் ஒருவனே, முகம்மது அவனுடைய தூதர் என்று உறுதி கூறுவது முதற் கடமை. நாள்தோறும் ஐந்து வேளைத் தொழுகை, ரம்ஜான் மாத நோன்பு, ஜகாத் என்னும் தருமம், வசதி உள்ளவர்கள் ஆயுளில் ஒரு முறை மக்காவுக்குச் செல்லும் ஹஜ் யாத்திரை ஆகியவை மற்ற நான்கு.

ஜகாத்தைப் பற்றி நான் ஏதோ மனம்போலப் போடும் பிச்சை என்று எண்ணியிருந்தேன். அதற்குக் கணக்கு உண்டு. குறிப்பிட்ட அளவை எட்டிய சேமிப்பு ஒரு வருஷம் கையில் தங்கினால், அதில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுடையது. அதாவது நூற்றுக்கு 2½. கொடுப்பவர் உபகாரம் செய்வதாக எண்ணக் கூடாது. பிறருடைய பங்கைத் திருப்பித் தருவதாகவே எண்ண வேண்டும் என்றார் ராவுத்தர்.

ரம்ஜான் ஏன் ஆண்டுதோறும் மாறி மாறி வருகிறது என்பதும் எனக்கு விளங்காமல் இருந்தது. அவர்களுடைய ஆண்டு சந்திரனை மட்டும் பின்பற்றுவது; 354 அல்லது 355 நாட்கள் கொண்டது. நம் சாந்திரமான பஞ்சாங்கத்தில் இடையிடையே அதிக மாசம் சேர்த்துப் பருவத்தோடு ஒட்ட வைக்கிறார்கள். இஸ்லாமிய ஆண்டில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே நோன்பு ஒவ்வோர் ஆண்டும் சுமார் பதினொரு நாள் முன்னதாக வந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி விடுகிறது. கோடை வெயிலில் தண்ணீரும் இல்லாமல் நோன்பு பிடித்ததையும், மார்கழிப் பனியில் பிடித்ததையும் ராவுத்தர் இரண்டு முறை அநுபவித்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொழுகை, நோன்பு, பெருநாள், ஓதுதல், பள்ளிவாசல் ஆகிய இவையெல்லாம் தமிழ் நாட்டு முஸ்லிம்கள் நித்தியம் வழங்கும் சொற்கள். எவ்வளவு நல்ல தமிழ்! பூஜை, உபவாசம், பாராயணம் என்று வடமொழியில் பேசிக்கொண்டிருக்கும் நாம், இவர்களுடைய சமயத்தை அந்நிய பாஷையில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

*

இரண்டாவது படி, நபிகள் நாயகத்தின் சரித்திரம். குர்ஆனுக்கு முன்னால் இதைப் படிக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. சுமார் 570-ல் மக்காவில் பிறந்து, தந்தையின் முகமே பாராமலும் ஆறு வயதில் தாயை இழந்தும் வளர்ந்தவர் அவர். வியாபாரத்தில் நேர்மைக்குப் பெயர் பெற்றார். சுமார் 610-ல் ஹிரா என்னும் குகையில் அவருக்கு முதல் இறைவாக்குக் கிடைத்தது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. 622-ல் பகைவரின் கொடுமை தாங்காமல் மதீனாவுக்குச் சென்றார்; ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அந்தப் பயணத்திலிருந்தே தொடங்குகிறது. 630-ல் மக்கா வசமாயிற்று. முன்பு தம்மைத் துரத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அன்று அவர் மன்னிப்பு அளித்தார். 632-ல் காலமானார். இவ்விருபத்து மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாக வெளிப்பட்ட வாக்குகளே குர்ஆன். சந்தர்ப்பம் தெரிந்தால்தான் வசனம் விளங்கும்.

ஆங்கிலத்தில் படிப்பவர்கள் மார்ட்டின் லிங்ஸ் என்பவர் 1983-ல் வெளியிட்ட நபி சரித்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். மிகப் பழைய அரபு ஆதாரங்களிலிருந்து கதைபோல் சொல்லிச் செல்கிறார், பக்தியுடன் எழுதியது. வெளியிலிருந்து அநுதாபத்துடன் பார்த்து எழுதியதை விரும்புவோருக்குக் காரன் ஆம்ஸ்ட்ராங் அம்மையாரின் நூல் இருக்கிறது. அது 1991-ல் வந்தது. தமிழில் நடையறிந்து எழுதியவர் எம். ஆர். எம். அப்துற் றஹீம். அவருடைய இஸ்லாமியக் கலைக் களஞ்சியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், தெரியாத பெயர் வரும்போதெல்லாம் புரட்டிப் பார்க்கலாம்.

*

இப்போது குர்ஆனுக்கு வரலாம். அதில் 114 அத்தியாயங்கள். ஏறக்குறையப் பெரியவை முன்னும் சிறியவை பின்னுமாக அவை அமைந்திருக்கின்றன. வெளிப்பட்ட கால வரிசையில் இல்லை. கடைசியில் இருக்கும் சிறிய அத்தியாயங்களில் பெரும்பாலானவை முற்பட்ட மக்கா காலத்தவை. ஆகையால் புதிதாகப் படிப்பவர் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நேரே கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே சட்டம் குறைவு. உவமையும் எச்சரிக்கையும் ஆறுதலும் நிறைந்திருக்கின்றன. பிறகு யூஸுப் நபியின் கதையைச் சொல்லும் பன்னிரண்டாம் அத்தியாயம், மர்யம் அம்மையின் பெயர் கொண்ட பத்தொன்பதாம் அத்தியாயம். நான் களைத்துப்போன இரண்டாம் அத்தியாயத்தை இவற்றுக்கு எல்லாம் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய துணை கிடைத்தது. கார்லைல் என்னும் ஆங்கில ஆசிரியர் 1840-ல் லண்டனில் செய்த பிரசங்கத்தில், நபிகளை வஞ்சகர் என்று ஐரோப்பியர்கள் சொல்லி வந்ததைக் கடுமையாகக் கண்டித்தார். அப்பேர்ப்பட்டவரும் குர்ஆனைப் படிப்பது பெருஞ் சிரமமாக இருந்ததென்று அதே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்! அவருக்குக் கிடைத்தது 1734-ல் வந்த பழைய மொழிபெயர்ப்பு. வழி சொல்ல அடுத்த வீட்டில் ராவுத்தரும் இல்லை.

மொழிபெயர்ப்பைக் குர்ஆன் என்றே முஸ்லிம்கள் ஒப்புவதில்லை. ஓதுவதற்கு உரியது அரபு மூலமே, மற்றவை அதன் பொருள். 1930-ல் ஆங்கிலத்தில் தந்த பிக்தால் தலைப்பிலேயே "பொருள்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். இவர் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கில நாவலாசிரியர். பம்பாய்க்கு வந்து தேசியப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்து அரசாங்கத்தின் விரோதத்தைச் சம்பாதித்துக்கொண்டவர்.

தமிழில் ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி பல ஆண்டுகள் உழைத்துச் செய்த மொழிபெயர்ப்பு 1949-ல் முழுமையாக வெளிவந்தது. பாகவி என்பது வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் கலாசாலையில் கற்றுத் தேறியவர்கள் பெறும் பட்டம். நடை தெளிவானது, அடைப்புக் குறிக்குள் விளக்கம் தருவதால் புதியவர்களுக்கு மிக்க உபயோகமாகும்.

மௌலானா அபுல் கலாம் ஆஸாத் உருது மொழியில் எழுதிய உரையையும் சொல்லாமல் விடக் கூடாது. பிரிட்டிஷ் ஆட்சியில் அவர் காவலில் இருந்த காலத்தில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் போலீஸ் சோதனைகளில் சிக்கிச் சிதைந்து போயின. மறுபடியும் எழுத நேர்ந்தது. நூல் முழுவதும் முற்றுப் பெறவில்லை. எனினும் ஏழு வசனமுள்ள முதல் அத்தியாயத்துக்கு அவர் எழுதியிருக்கும் நீண்ட விளக்கம் போதும். இறைவன் ஒரு கூட்டத்துக்கு மட்டுமின்றி எல்லா உலகங்களையும் ஊட்டி வளர்ப்பவன் என்பதை அங்கே விரித்திருக்கிறார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. என் பேத்தியின் முதற் கேள்விக்கு விடையும் அதில் எனக்குக் கிடைத்தது.

*

கடைசியாக, நம் வீட்டுச் சொத்தாக இருந்தும் நாம் திறந்து பாராத பெட்டி ஒன்று உண்டு. 1572-ல் மதுரையில் அரங்கேறியது ஆயிர மசலா. நபியை ஒருவர் ஆயிரம் கேள்விகள் கேட்க, அவர் விடை சொல்வதாக அமைந்த தமிழ்க் காவியம் அது. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் 5,000-க்கு மேற்பட்ட செய்யுட்களில் சீறாப்புராணம் பாடினார். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரத்து அவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். மாணவர் குருவின் மரபை மறக்கவில்லை. பாலைவன நாடான அரபு தேசத்தில் மழை பொழிந்து, ஆறு பெருகி, வயலில் நாற்று நடுகிறார்கள்! பூகோள ஆசிரியர் மதிப்பெண் தரமாட்டார். ஆனால் தாம் நேசித்த ஊரைத் தமிழ் நாட்டைப்போல் அல்லாமல் வேறு எப்படியும் அந்தக் கவியால் காண முடியவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியாக இருந்த மு. மு. இஸ்மாயீல் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். வாலி வதத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதைப் படித்து நாம் பூரித்துப் போனோம். பதிலுக்குச் சீறாவில் ஒரு படலமாவது படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சமயம் வேறு, சமயத்தாரின் வாழ்க்கை வேறு என்பதையும் மறக்கலாகாது. அந்த வாழ்க்கையின் குறை நிறைகளை உள்ளிருந்தே சொல்லும் நாவல்கள் தோப்பில் முஹம்மது மீரானின் "ஒரு கடலோர கிராமத்தின் கதை"யும், பெண்களின் உலகைக் காட்டும் சல்மாவின் "இரண்டாம் ஜாமங்களின் கதை"யும். வேதத்தை மட்டும் படித்து அயலாரை அளப்பதும் தவறு; அயலாரில் ஒருவரை மட்டும் பார்த்து வேதத்தை அளப்பதும் தவறு.

சீறாவில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒன்று இருக்கிறது. வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், குட்டிக்குப் பாலூட்டித் திரும்பி வர அநுமதி கேட்கிறது. நபிகள் அதற்குப் பிணையாக நிற்கிறார். இது குர்ஆனில் உள்ளதன்று. பக்தர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. இந்த ரம்ஜானில் அதை என் பேத்திக்குப் பாதி சொல்லி, "மீதியை ராவுத்தர் தாத்தாவிடம் கேள்" என்றேன். கழுவி வைத்திருந்த பாத்திரத்தில் இரண்டு வாழைப்பழங்களை எடுத்து வைத்துக்கொண்டு தானே புறப்பட்டாள். வெகு நேரம் ஆகியும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். மான் திரும்பி வந்துவிட்டதாம். கதையை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.