படத்துக்குள் வராத வண்டிகள்

ஜூலை பிறந்ததும் கென்யாவின் மசாய் மாராவில் ஆற்றங்கரை களைகட்டிவிடும். புல்லைத் தேடி தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வடக்கே வரும் வைல்டபீஸ்ட் விலங்குகள் பத்து லட்சத்துக்கும் மேல். வரிக்குதிரைகளும் சிறுமான்களும் கூடவே வரும். அவை மாரா ஆற்றைக் கடப்பதைப் படம்பிடிக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புகைப்படச் சுற்றுலாக் குழுக்கள் கிளம்புகின்றன. ஊர் திரும்பியதும் அவர்கள் பகிரும் படங்களில் புழுதி பறக்கும், முதலை வாய் பிளக்கும், கரையேற முடியாமல் ஒரு கன்று தவிக்கும். வண்டி மட்டும் கண்ணில் படாது.

ஆனால் படம் எடுத்தவரின் இருபுறமும் லேண்ட் குரூசர்கள் வரிசைகட்டி நின்றிருக்கும்.

மந்தை ஆற்றங்கரைக்கு வந்தவுடன் நீரில் இறங்கிவிடுவதில்லை. முன்னால் நிற்பவை தயங்கும், பின்வாங்கும். சில சமயம் மணிக்கணக்கில் நின்றுவிட்டு வந்த வழியே போய்விடும். அதனால் ஓட்டுநர்கள் தொலைவில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள முறை. முதல் விலங்கு நீரில் கால் வைத்த நொடியில் அந்த முறை உடைகிறது. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் கரையை நோக்கிப் பாய்கின்றன. இறங்கும் வழி அடைபட்டால் மந்தை இரண்டாகப் பிரியும். தாயும் குட்டியும் வேறு வேறு கரையில் சிக்கும். செங்குத்தான இடத்தில் குதித்துக் கால் ஒடியும். 2025 ஜூலையில் வடக்கு செரங்கெட்டியில் பயணிகள் வண்டியை விட்டே இறங்கி, மந்தை செல்லும் வழியில் நின்ற காணொளி பரவியபோதுதான் வெளியுலகம் அதிர்ந்தது. அந்த ஆற்றங்கரைக்கு இந்த நெரிசல் புதிதல்ல.

ஆற்றைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது சிவிங்கிப்புலியைப் பற்றி. சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இருட்டில் வேட்டையாடும். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுகிறது. பயணிகள் சுற்றுவதும் அதே நேரம்தான். மசாய் மாராவில் ஆய்வு செய்த ஃபெம்கே ப்ரூக்ஹௌஸ் 2018இல் வெளியிட்ட கணக்கு நெஞ்சை உறுத்துகிறது. பயணிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய் சராசரியாக 2.3 குட்டிகளைத் தனித்து வாழும் பருவம்வரை வளர்க்கிறது. பயணிகள் நெரியும் பகுதிகளில் அந்தச் சராசரி 0.2. வண்டிகள் சூழ்ந்தால் பதுங்கிப் போகும் தாயின் வேட்டை கலையலாம்; பிடித்த இரையைக் கழுதைப்புலியிடம் பறிகொடுக்கலாம்; புல்லில் ஒளித்துவைத்த குட்டிகள் மற்ற விலங்குகளின் கண்ணில் படலாம். எதிர்த்துப் போராடி இரையைக் காப்பாற்றிக்கொள்ளும் உடல் வலு சிவிங்கிப்புலிக்கு இல்லை.

மாராவில் புகழ்பெற்றிருந்த மலாய்க்கா என்ற பெண் சிவிங்கிப்புலி வண்டிகளின் கூரையில் ஏறி உட்காரும். பலர் அதை நட்பு என்று சொல்லி மகிழ்ந்தார்கள். கரையான் புற்றின் மேல் ஏறி இரையைத் தேடும் விலங்கு அது. புற்றைவிட உயரமாக ஒரு கூரை கிடைத்தால் ஏறும், அவ்வளவுதான்.

விதிகள் இல்லாமல் இல்லை. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் விலகி நிற்க வேண்டும், மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம்விட வேண்டும். இவற்றை மீறும் ஓட்டுநரைத் திட்டுவது எளிது. அவருடைய நிலை என்ன? மாதச் சம்பளத்தோடு பயணிகள் தரும் டிப்ஸையும் நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார். பின்னால் இருப்பவர்களோ, 2024இலிருந்து, ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பருவத்தில் 12 மணி நேரத்துக்குத் தலைக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம் கட்டி வந்தவர்கள். "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போங்கள்" என்று ஒருவர் சொன்னால் மறுக்கும் துணிவு எத்தனை ஓட்டுநர்களுக்கு வரும்? விதியை உடைக்கும் விசை பின்னிருக்கையில் இருக்கிறது. ஆகவே பொறுப்பும் அங்கேதான் முதலில் சேர வேண்டும்.

முதல் நாள் காலை வண்டி கிளம்பும் முன்பே பயணி சொல்லிவிடலாம்: நெருங்க வேண்டாம், கூட்டம் சேர்ந்தால் வேறு பக்கம் போகலாம், டிப்ஸ் அதனால் குறையாது. படம் கெட்டுவிடுமோ என்ற அச்சத்துக்கும் இடமில்லை. 25 மீட்டரிலிருந்து 400 மி.மீ. லென்ஸ் வழியே பார்த்தால், பக்கவாட்டில் நிற்கும் சிவிங்கிப்புலி படத்தின் பாதி அகலத்தை நிரப்பிவிடும். மாராவை ஒட்டி மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடத்தும் கன்சர்வன்சிகளும் இருக்கின்றன. அங்கே கூடாரங்களின் எண்ணிக்கைக்கே வரம்பு உண்டு. செலவு கூடும், அந்தப் பணத்தில் ஒரு பங்கு நிலத்துக்காரர்களுக்குப் போகும்.

புகைப்படப் போட்டிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2009ஆம் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் படமாகத் தேர்ந்தெடுத்த ஓநாய் படத்தின் பரிசை, அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று கண்டு 2010இல் ரத்து செய்தது. அத்தனை கறாராகப் பொய்யைத் தேடும் நடுவர்கள் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: விலங்கு எத்தனை மீட்டரில் இருந்தது, சுற்றி எத்தனை வண்டிகள் நின்றன? நம் ஊர்ப் புகைப்படக் கழகங்கள் அடுத்த போட்டியின் விண்ணப்பத்திலேயே இதற்கு இரண்டு வரி ஒதுக்கட்டும்.