மூன்றாம் முனை



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டு ஜெபக்கூட்டத்தில் நம் சபையின் கிதார் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனதை உங்களில் பலர் அறிவீர்கள். இரண்டாம் பாடல் நடந்துகொண்டிருந்தது. அதுவரை மங்கலாக எரிந்த விளக்குகள் திடீரென்று கண் கூசும்படி பளிச்சிட்டன. மின்விசிறி வெறிகொண்டதுபோல் சுழன்றது. சற்று நேரத்தில் கருகிய நாற்றம் எழுந்தது. பாடலைக் கைத்தாளத்தோடு முடித்தோம். அது நமக்குப் பழகிய காரியந்தான்.

மறுநாள் என் காதுக்கு இரண்டு கருத்துகள் வந்தன. பழையது போனால் போகட்டும், காணிக்கை சேர்த்துப் பெரிய ஆம்ப்ளிஃபயராக வாங்குவோம் என்றனர் சிலர். ஜெபம் குறைந்ததால் நேர்ந்தது என்றனர் வேறு சிலர். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

நடந்தது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். தெருக் கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகளும் அவற்றுக்குப் பொதுவான ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் இடையே ஏறத்தாழ 400 வோல்ட். அந்த ஒற்றை நியூட்ரல் எங்காவது அறுந்துவிட்டால், வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள நேரிடும். அதிக மின்சாரம் இழுக்கும் வீட்டுக்குக் குறைந்த வோல்ட்டேஜும், இரண்டு விளக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் மட்டும் ஓடும் வீட்டுக்கு முந்நூறுக்கும் மேலும் போய்ச் சேரும். அன்று நாம் இருந்தது இரண்டாம் வகை வீட்டில்.

இதற்குப் பரிகாரம் உண்டு. நம் இளைஞர் வாசிக்கும் அளவிலான ஆம்ப்ளிஃபயர் ஒன்று நூறு வாட்டுக்கு மேல் இழுப்பது அரிது. ஆகவே 500 வி.ஏ. அளவுள்ள ஒரு ஸ்டெபிலைசர் தாராளமாகப் போதும். ஆனால் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: வோல்ட்டேஜ் எல்லை மீறினால் இணைப்பையே துண்டிக்கும் ‘ஹை கட்’ வசதி அதில் இருக்கிறதா? ஏற்றி இறக்கிக் கொடுப்பது மட்டும் தெரிந்த பெட்டி, நியூட்ரல் அறுந்த மாலையில் உதவாது. மின்சாரம் போய் வந்தபின் சில நிமிடம் பொறுத்து இணைக்கும் வசதியும் இருந்தால் நல்லது. இல்லையேல் மின்சாரம் போனவுடனே ஆம்ப்ளிஃபயரை நாமே அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். ‘ஸர்ஜ் புரொடெக்டர்’ என்று விற்கப்படும் பலகை ஒரு கணத்தின் சிறு கூறளவே நீடிக்கும் எழுச்சியைத் தாங்கும். நிமிடக்கணக்கில் நீடிக்கும் மிகை வோல்ட்டேஜில் அதுவே முதலில் கருகும். இடி மின்னலுக்கோ இவற்றில் எதையும் நம்பாதீர்கள். சுவிட்சை அணைப்பதும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயராயின் அதன் பின்புறத்தை வாசியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் சுவரில் அதைச் செருகக் கூடாது. ஃபியூஸ் போனால் அதே அளவுள்ள ஃபியூஸையே போடுங்கள். சாக்லேட் தாளைச் சுற்றிப் போட்ட கைகளை நான் கண்டிருக்கிறேன்.

இதுவரை கருவியைப் பற்றியே பேசினேன். இனிச் சொல்லப்போவதுதான் இரண்டு வாரமாக என் உறக்கத்தைக் கெடுத்தது.

எரிந்த கருவியைப் பழுதுபார்த்தவர் முதலில் பிளக்கைத் திறந்தார். அதில் பச்சைக் கம்பி, அதாவது நில இணைப்பு, இல்லை. உதிர்ந்துபோனதல்ல, வெட்டி மடக்கி, டேப் சுற்றி வைத்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் கேட்டது. எர்த்தை எடுத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். என்னிடம் கேட்டார்கள். செய்யுங்கள் என்றேன். ஆம், அந்த அனுமதியைக் கொடுத்தவன் நானே. அதன்பின் மைக்கில் பாடும்போது உதட்டில் எறும்பு கடிப்பதுபோல் சுர்ரென்கிறது என்று கிதார் வாசிக்கும் தம்பி சொன்னபோது, நாம் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

எலக்ட்ரிக் கிதாரின் தந்திகள் பாலத்தின் வழியாகவும் வயரின் மேலுறை வழியாகவும் ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. உள்ளே காப்பு பழுதடைந்து அந்த உடலில் மின்சாரம் ஏறினால், நில இணைப்பு அதைத் தரைக்கு இழுத்து ஃபியூஸை எரிக்கும். அந்த இணைப்பு இல்லாதபோது மின்சாரம் தந்திகளில் காத்து நிற்கும். பிள்ளையின் விரல்கள் தந்தியில், உதடு மைக்கில். நடுவில் இருப்பது அவன் நெஞ்சு. 1972-இல் இங்கிலாந்துக்கு அண்டை நாடான வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில் ஒரு கிதார் கலைஞர் சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 2005-இல் அமெரிக்காவின் வேகோ நகரில் ஓர் இளம் போதகர் ஞானஸ்நானத் தொட்டியில் நின்றபடி மைக்கைத் தொட்டபோது, ஆராதனை நடுவே சபையார் கண்முன் உயிரிழந்தார்.

பிளக்கின் மூன்று முனைகளில் எர்த் முனை மட்டும் சற்றுத் தடித்தும் நீண்டும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? செருகும்போது முதலில் சேரவும் உருவும்போது கடைசியில் பிரியவும் அப்படிச் செய்திருக்கிறார்கள். கருவியைக் காப்பதற்கு ஸ்டெபிலைசர். இந்த மூன்றாம் முனையோ வாசிப்பவனைக் காப்பதற்கு. நம் பட்டியலில் அது முதலில் இருந்திருக்க வேண்டும்.

கர்த்தர் காப்பார், இதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று சொல்வோருக்கு உபாகமம் 22:8-ஐக் காட்டுவேன். புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்றும், கட்டாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்றும் அங்கே கட்டளை இருக்கிறது. விழாதபடி ஜெபியுங்கள் என்று சொல்லி அந்த வசனம் நின்றுவிடவில்லை.

ரீங்காரத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் ஓர் அறையிலும் மிக்சர் இன்னோர் அறையிலும் செருகப்பட்டால், எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வந்து அந்தச் சத்தத்தை உண்டாக்கும். பெரும்பாலும் இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ‘டி.ஐ. பாக்ஸ்’ இருக்கிறது. அதுவும் பயன்படாவிட்டால் ரீங்காரத்தோடு பாடுவோம்.

இனி நம் சபையில், எர்த் சரியாக உள்ளதென்று எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்லாத வீட்டில் எலக்ட்ரிக் கிதார் வாசிக்கப்படமாட்டாது. அங்கே சாதாரணக் கிதாரும் கைத்தாளமும் போதும். வீட்டுக்காரர் வருந்த வேண்டாம். புதிய ஆம்ப்ளிஃபயருக்கென்று சேர்ந்த காணிக்கையிலிருந்து முதலில் ஆலயத்துக்குப் புது எர்த் குழியும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும், அதன்பின் ஸ்டெபிலைசரும் வாங்கும்படி பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன். மீதியில் சிறிய ஆம்ப்ளிஃபயர்தான் கிடைக்கும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் வலுவிழக்கும் என்பதால், குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஆலயத்தில் இருப்பார். வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தும் குடும்பத்தார் தங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளைக் கொண்டுவாருங்கள். மேலே மூன்று துளைகளும் உள்ளே இரண்டு கம்பிகளுமாக இருப்பவற்றின் வயரை அங்கேயே வெட்டிப்போடுவோம்.