ஓ.ஆர்.எஸ். வேறு, ஓ.ஆர்.எஸ்.எல். வேறு: ஓர் எழுத்தால் மாறும் பொருள்

மாட்டுத்தாவணி எம்.ஜி.ஆர். பேருந்து நிலையத்தில் வெளியூர்ப் பேருந்துக்காகக் காத்திருக்கையில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. பெற்றோர் அருகிலுள்ள மருந்துக் கடைக்கு விரைந்து, ‘ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்’ என்று கேட்கின்றனர். கடந்த ஆண்டுகளில் இக்கேள்விக்கு விடையாகச் சில இடங்களில் உப்புப் பொட்டலம் தரப்பட்டது. சில இடங்களில் பழச்சுவையூட்டிய பானம் அடைத்த காகிதப் பெட்டி தரப்பட்டது. இரண்டின் மேலும் ஏறத்தாழ ஒரே ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தன.

‘ஓ.ஆர்.எஸ்.’ என்பது எந்த நிறுவனத்தின் வணிகப் பெயரும் அன்று. ‘ஓரல் ரீஹைட்ரேஷன் சால்ட்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. உடல் இழந்த நீரையும் உப்பையும் வாய்வழியே ஈடுசெய்யும் மருந்து என்பது அதன் பொருள். நம் மக்கள் இதனை உப்பு சர்க்கரைக் கரைசல் என்று அறிவர். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 1 லிட்டர் நீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருத்தல் வேண்டும். ‘ஓ.ஆர்.எஸ்.எல்.’ என்பதோ ஒரு பானத்தின் வணிகப் பெயராக இருந்தது. சோர்ந்த குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பவர் கடைசி எழுத்தைக் கவனிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

இத்தகைய பெயர்களை, ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அன்று’ என்ற அறிவிப்புடன் பயன்படுத்த, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022, 2024 ஆம் ஆண்டுகளில் அனுமதித்திருந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதனை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அவ்வனுமதியைத் திரும்பப் பெற்றது. முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்தும்கூட ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லை உணவு, பானங்களின் பெயரில் இடக்கூடாது என்று ஆணையிட்டது. ஒரு நிறுவனத்துக்கு முதலில் இடைக்கால நிவாரணம் கிடைத்தது. எனினும் மற்றொரு நிறுவனத்தின் மனுவில் தலையிட தில்லி உயர்நீதிமன்றம் அக்டோபர் 31 அன்று மறுத்துவிட்டது.

பெயர் குறித்த இவ்வழக்கு குழந்தையின் குடலோடு தொடர்புடையது. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் இணைந்தே உட்கிரகிக்கப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. உப்பு குறைந்து சர்க்கரை மிகுந்தால் இது தலைகீழாகும். மிகுதியான சர்க்கரை உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும், வயிற்றுப்போக்கு கூடும். இனிப்புப் பானத்தைக் குழந்தை விரும்பிக் குடிப்பதைக் கண்டு பெற்றோர் ஆறுதல் அடையும் வேளையில் நீரிழப்பு தொடரக்கூடும். சரியான கலவையின் ஆற்றலை 1971 இல் வங்காள அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் காட்டினார். சிரைவழித் திரவம் தீர்ந்த நிலையில், உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் கொண்டே காலரா நோயாளிகளின் உயிரிழப்பை அவர் பெருமளவு குறைத்தார்.

ஆகவே கடையில் பெயரைப் படித்ததோடு நின்றுவிடாதீர்கள். 14 இலக்க உணவு உரிம எண் இருந்தால் அது உணவுப் பொருள், ஓ.ஆர்.எஸ். மருந்து என்பதால் அதில் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். உப்புகளின் அளவும் ‘ஐ.பி.’ என்ற குறியீடும் உள்ளனவா என்று பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பொட்டலம் கட்டணமின்றிக் கிடைக்கும்.

பொட்டலத்தில் குறித்த அளவு குடிநீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதியைக் கரைத்தாலோ பழச்சாறு சேர்த்தாலோ அளவு கெடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஏற்பட்ட பின்னும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி. சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டியால் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. பொட்டலம் கிடைக்காதபோது 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைக்கலாம். சிறுநீரக, இதய நோயாளிகள் மருத்துவரிடம் அளவு கேட்டே அருந்த வேண்டும்.

கண்கள் குழிவிழுதல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், குடிக்க இயலாத சோர்வு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம். 108 ஐ அழையுங்கள்.