செம்பு மருந்து: அனுமதி எதற்கு, எவ்வளவுக்கு?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கல்வராயன் மலையடிவாரத்தில் தக்காளி போட்டவர்களுக்குத் தூக்கம் போய்விடும். முதலில் அடி இலையில் பழுப்பாக ஒரு புள்ளி விழும். உற்றுப் பார்த்தால் அதற்குள் வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். நான்கு நாள் வெயில் தலைகாட்டாமல் மூடாப்புப் போட்டிருந்தால் போதும், புள்ளிகள் பெருகி, இலை மஞ்சளாகி, கருகித் தொங்கிவிடும். இதுதான் இலைக்கருகல் நோய்.

அடுத்து ஓடுகிற இடம் மருந்துக்கடை. அங்கே கைக்கு வருவது பெரும்பாலும் பச்சை கலந்த நீலப் பொடி. பொட்டலத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்று எழுதியிருக்கும். விவசாயிகளில் பலர் 'ப்ளூ காப்பர்' என்று கேட்டே வாங்குகிறார்கள். "கவர்மென்ட் அனுமதிச்ச மருந்துதானே, தாராளமா அடிக்கலாம்" என்பது பொதுவான நம்பிக்கை.

அரசு அனுமதித்த மருந்து என்பது உண்மை. தாராளமாக அடிக்கலாம் என்பதுதான் தவறு. அந்த அனுமதி எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, எந்த அளவில் என்று தெரியாமல் அடித்தால் பணமும் போகும், பயிரும் போகும். மண்ணில் தங்கிவிடும் செம்பு மட்டும் போகாது.

திருடனுக்குப் பயந்து தெளித்தது

செம்பு மருந்தாக மாறிய கதை சுவாரஸ்யமானது. 1882-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் போர்டோ பகுதியில் திராட்சைத் தோட்டங்களை அடிச்சாம்பல் நோய் அழித்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிலார்டே ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாலையோரக் கொடிகளில் மட்டும் இலைகள் பச்சையாக இருந்தன. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, அந்தக் கொடிகளின் மேல் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்திருந்தார்கள். நீலக் கறையைப் பார்த்தால் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள் என்ற யோசனை. திருடனை விரட்டத் தெளித்தது பூஞ்சணத்தையும் விரட்டியது. 1885-ல் மிலார்டே வெளியிட்ட அந்தக் கலவைதான் இன்றும் நம் விவசாயிகள் தயாரிக்கும் போர்டோ கலவை.

இது 40 ஆண்டு முன்பே தெரிந்திருந்தால் அயர்லாந்தின் கதை வேறாக இருந்திருக்கலாம். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குக் கருகல் நோயும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் அங்கே சுமார் 10 லட்சம் பேரைப் பலிகொண்டன.

செம்பு, பூஞ்சண வித்துகளை இலையின் மேற்பரப்பிலேயே கொல்கிறது. இலைக்குள் நுழைந்துவிட்ட நோயை அதனால் தொட முடியாது. அதனால் மழைக்கு முன்போ, முதல் புள்ளி தெரிந்தவுடனோ அடித்தால் பலன் உண்டு. பாதிச் செடி கருகிய பிறகு டேங்க் டேங்காக அடிப்பது, வீடு எரிந்து முடிந்த பிறகு கிணறு வெட்டுவதற்குச் சமம்.

அனுமதி என்றால் என்ன?

1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய அந்தச் சோகத்துக்குப் பிறகு வந்ததுதான் 1968-ம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம். பெயரில் 'பூச்சி' இருந்தாலும் பூஞ்சண மருந்து, களைக்கொல்லி எல்லாம் இதற்குள் அடங்கும். மத்தியப் பூச்சிமருந்து வாரியத்தின் பதிவுக் குழுவில் பதிவு பெறாமல் எந்த மருந்தையும் இந்தியாவில் விற்க முடியாது.

அந்தப் பதிவு மருந்தின் பெயருக்கு மட்டும் தரப்படுவதில்லை. இன்ன பயிர், அதில் இன்ன நோய், ஏக்கருக்கு இவ்வளவு, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் என்று எல்லாம் சேர்த்துத் தரப்படுகிறது. 50 சதவீதக் காப்பர் ஆக்சிகுளோரைடு பொடிக்குத் தக்காளி, உருளைக்கிழங்கு இரண்டிலும் கருகல் நோய்களுக்கு அனுமதி உண்டு. மிளகாயில் இலைப்புள்ளிக்கும் பழ அழுகலுக்கும் உண்டு. அதே டேங்கில் மிச்சமிருந்த மருந்தைப் பக்கத்துப் பாத்தியின் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அடித்துவிட்டால், தக்காளிக்குத் தந்த அனுமதி அங்கே செல்லாது. எத்தனை நாள் கழித்து அந்தக் கீரையைப் பறிக்கலாம் என்று சொல்ல ஒரு கணக்கும் இருக்காது.

மரவள்ளிக்கு நடந்தது

கொடுத்த அனுமதியை அரசு திரும்பப் பெறுவதும் உண்டு. 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, மாங்கோசெப் என்ற பூஞ்சண மருந்தைக் கொய்யா, சோளம், மரவள்ளி மூன்றிலும் பயன்படுத்தும் அனுமதியை நீக்கியது. மற்ற பயிர்களுக்கான அனுமதி நீடிப்பதால், மருந்து கடையில் இருக்கும். வாங்கவும் முடியும். மரவள்ளிக்கு மட்டும் அடிக்கக் கூடாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இது சின்ன செய்தி அல்ல. சின்னசேலம் பக்கமும் மலைச்சரிவுகளிலும் மரவள்ளிதான் பல குடும்பங்களின் பணப்பயிர். 'மாங்கோசெப் இல்லாவிட்டால் செம்பு மருந்து' என்று கையில் கிடைத்ததை மாற்றி அடிப்பதும் சரியல்ல. மரவள்ளியில் அதிகம் பயமுறுத்துவது தேமல் நோய். அது வைரஸால் வருகிறது. நோயுள்ள கரணை வழியாகவும் வெள்ளை ஈ மூலமாகவும் பரவுகிறது. அதற்கு எந்தப் பூஞ்சண மருந்தும் கேட்காது. நோயில்லாத செடியிலிருந்து கரணை எடுப்பதுதான் வழி. இலை மஞ்சளானால் உடனே மருந்து என்று போகாமல், முதலில் என்ன நோய் என்று கேட்பது ஒரு தெளிப்புச் செலவையாவது மிச்சமாக்கும்.

ஒரு டேங்குக்கு எவ்வளவு?

தவறு அதிகம் நடக்கும் இடம் இது. வழக்கமான பரிந்துரை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம். 10 லிட்டர் டேங்குக்கு 25 கிராம். இப்போது பலரிடம் இருக்கும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயருக்கு 40 கிராம். 'ஒரு கைப்பிடி', 'ரெண்டு மூடி' என்று போட்டால் கூடலாம், குறையலாம். கூடினால் இளந்தளிர் தீய்ந்துபோகும். குளிர்ந்த, ஈரமான, இலை காயாத நேரத்தில் அடித்தாலும் அதே ஆபத்து உண்டு. சமையலறைத் தராசைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மருந்துக்கென்று தனியாக ஒரு சின்னத் தராசு இருப்பது நல்லது.

போர்டோ கலவையை வீட்டிலேயே தயாரிப்பவர்களுக்கும் கணக்கு உண்டு. ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாக 50 லிட்டரில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. மண்பானை, பிளாஸ்டிக் டிரம் போதும். பளபளப்பான கத்தியை முக்கி எடுத்தால் செம்புக் கறை படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே அடித்து முடிக்க வேண்டும்.

மண் மறக்காது

செம்புப் பானையில் தண்ணீர் குடிக்கிறோமே, செம்பு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. செம்பு ஓர் உலோகம். மற்ற பல மருந்துகள் காலப்போக்கில் சிதைந்துவிடும். செம்பு சிதையாது. அடித்ததில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கும். அளவு மிஞ்சினால் மண்புழுவும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் பாதிக்கப்படும். நூறு ஆண்டுக்கு மேலாகச் செம்பு அடித்த ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்கள் இதற்குச் சாட்சி. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. இயற்கை விவசாயிகளுக்கும் அதே வரம்புதான்.

நம் கணக்கைப் பார்க்கலாம். ஏக்கருக்கு 1 கிலோ பொடி என்றால் அதில் அரை கிலோ செம்பு. ஒரு போகத்தில் நான்கு முறை அடித்தால் 2 கிலோ. ஐரோப்பிய வரம்பின் ஆண்டுச் சராசரி ஏக்கருக்கு சுமார் 1.6 கிலோதான். ஒரே தக்காளிப் போகத்தில் அதைத் தாண்டிவிடுகிறோம்.

கல்வராயன் மலையில் இன்னொரு கவலையும் உண்டு. கோமுகியும் மணிமுத்தாறும் பிறப்பது இந்த மலையில்தான். செம்பு மீன்களுக்குக் கடும் விஷம். ஸ்பிரேயரை ஓடையில் கழுவினால் அது கீழே இருக்கும் குளத்துக்கும் அணைக்கும்தான் போகும். கழுவும் தண்ணீரை ஓடைக்கும் கிணற்றுக்கும் எட்டாத இடத்தில் ஊற்ற வேண்டும்.

செம்பின் தேவையைக் குறைக்கும் வழிகள் பழையவைதான். செடிக்குக் குச்சி நட்டுக் கட்டுவது, மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவது, காற்றோட்டமாக இடைவெளி விடுவது, தக்காளிக்குப் பின் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை என்று ஒரே குடும்பப் பயிரைப் போடாமல் இருப்பது.

வாங்கும் வீட்டில்

சந்தையில் வாங்கிய தக்காளியின் காம்புப் பக்கம் சில சமயம் நீலம் கலந்த வெள்ளைக் கறை இருக்கும். பயந்து தூக்கி எறிய வேண்டியதில்லை. செம்பு காய்க்குள் ஊடுருவாமல் தோலின் மேலேயே நிற்கும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவி, காம்புக் குழியை வெட்டி எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். மாடித்தோட்டக்காரர்களும் தெளித்த அன்றே பறித்துச் சமைக்கக் கூடாது.

ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் மடித்த ஒரு தாள் இருக்கும். பயிர், நோய், அளவு, காத்திருக்க வேண்டிய நாள், உடம்புக்கு முடியாமல் போனால் செய்ய வேண்டியது எல்லாம் அதில் இருக்கும். அரசின் அனுமதி என்பது அந்தத் தாளில் உள்ளதுதான். எழுத்து மிகச் சின்னது. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தாத்தாவுக்கும் தெரியும், படிக்கிற பேத்தி வாசித்தும் காட்டலாம். தாளில் பயிர் பெயர் இல்லையென்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் இலவச எண்ணிலோ கேட்கலாம். மருந்து வாங்கிய பில்லையும் அந்தத் தாளையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பயிர் கருகிப்போனால் கேள்வி கேட்கக் கையில் இருக்கும் ஆதாரம் அவை இரண்டும்தான்.